பிரவுசரில் 3டி மாடல்: சுற்றிப் பார்ப்பது எப்படி?

எங்கள் ஊரில் அப்பா கட்டிய புது வீட்டில், மாடிப்படியின் எட்டாவது படிக்கு மேலே ஒரு பீம் குறுக்கே போகிறது. படிக்கும் பீமுக்கும் இடையே உள்ள உயரம் ஐந்தரை அடி. அப்பாவின் உயரம் ஐந்து அடி எட்டு அங்குலம். கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாம் நாள் இரவு, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா எனப் பார்க்க அவசரமாக ஏறியவருக்கு நெற்றியில் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன தொடர்பு என நீங்கள் கேட்கலாம். வேலை தொடங்கும் முன்பே அந்த வீட்டின் முப்பரிமாண மாடலை, அதாவது 3டி மாடலை, கட்டட இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்காக அனுப்பியிருந்தார். அப்பா அதைத் திறந்தார். விரலை வைத்ததும் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின் திரையை விட்டே ஓடிவிட்டது. "நீ பார்த்துச் சொல்லுப்பா" என்று லிங்க்கை எனக்கு அனுப்பிவிட்டார்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். மதிய உணவு இடைவேளையில் லிங்க்கைக் கிளிக் செய்தேன். வீட்டை இரண்டு சுற்று சுற்றினேன். முகப்பு அழகாக இருந்தது. மாடிப்படியை அருகில் பார்க்க மவுஸின் வீலை உருட்டினேன். ஓரளவுக்கு மேல் அருகே போகவில்லை. எவ்வளவு உருட்டினாலும் ஹாலின் நடுவிலேயே நின்றது. சரி போகட்டும் என்று விட்டுவிட்டு, "எல்லாம் சரியா இருக்குப்பா, வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அந்த பீம் மாடலிலேயே இருந்தது. தையல் போட்டுவிட்டு வந்த அப்பா கோபப்படவில்லை. "கம்ப்யூட்டர்ல பார்க்கும்போது இது தெரியலையாப்பா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு அதே லிங்க்கைத் திறந்து, வீல் ஏன் நின்றது எனப் பொறுமையாகப் பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில் பீம் கண்ணில் பட்டது. அந்த ஐந்து நிமிட வேலையைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

பிரவுசருக்குள் 3டி வந்த கதை

பிரவுசரில் 3டி என்பது புதிய யோசனை அல்ல. 1994ல் ஜெனீவா நகரில் நடந்த முதல் வேர்ல்ட் வைட் வெப் மாநாட்டிலேயே இது பற்றிப் பேசப்பட்டது. அதிலிருந்து பிறந்த வி.ஆர்.எம்.எல். என்ற மொழியின் முதல் பதிப்பு 1995ல் வெளியானது. 1997ல் இது சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஏற்றுக் கொள்ளப்பட்டது. ஆனால் இந்த பைல்களைப் பார்க்க காஸ்மோ பிளேயர் போன்ற பிளக்-இன் புரோகிராம் ஒன்றைத் தனியே டவுண்லோட் செய்து பதிய வேண்டும். காஸ்மோ பிளேயரின் கீழ்ப்பகுதியில் காரின் டாஷ்போர்டு போல ஒரு பட்டை இருக்கும். சுழற்று, நகர்த்து, அருகே போ, நேராக்கு என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பட்டன். இன்று நாம் காணும் 3டி பட்டன்களுக்கெல்லாம் இது மூத்த அண்ணன்.

2011 மார்ச்சில் வெப்ஜிஎல் என்ற தொழில்நுட்பத்தின் முதல் பதிப்பு வெளியானது. பிளக்-இன் எதுவும் இன்றி, பிரவுசரே நேரடியாகக் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தி 3டி படங்களை வரைய இது வழி செய்தது. 2015ல் குரோம் பிரவுசர் பழைய வகை பிளக்-இன்களை முற்றிலும் கைவிட்டது. 2017ல் ஜிஎல்டிஎஃப் என்ற பைல் வகையின் இரண்டாம் பதிப்பு வந்தது. போட்டோக்களுக்கு ஜேபெக் எப்படியோ, அப்படி 3டி மாடல்களுக்கு இது இருக்க வேண்டும் என்பது இதனை உருவாக்கியவர்களின் எண்ணம். இன்று வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டியவுடன் வீடு திரையில் நிற்பதற்குப் பின்னால் இத்தனை ஆண்டு வேலை இருக்கிறது.

முளையும் கயிறும்

திரையில் மவுஸை இழுத்தால் வீடு சுழல்வது போலத் தோன்றுகிறது. பெரும்பாலான வியூவர்களில் வீடு அசைவதே இல்லை. அசைவது, நம் கண்ணாக இருக்கும் ஒரு கேமரா. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கேமரா வீட்டைச் சுற்றி வருகிறது. அது பார்ப்பதைத்தான் நாம் திரையில் பார்க்கிறோம்.

இந்தக் கேமரா எப்படி நகர்கிறது? மேய்ச்சலுக்கு மாட்டைக் கட்டுவதை நினைத்துக் கொள்ளுங்கள். தரையில் ஒரு முளை. அதில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் மாடு. இங்கே மாட்டின் இடத்தில் கேமரா இருக்கிறது. அதன் முகம் எப்போதும் முளையையே பார்த்திருக்கும். நமது மாடு வானத்திலும் ஏறி இறங்கும் என்பது மட்டுமே வித்தியாசம்.

இப்போது மூன்று அசைவுகளும் எளிதாகப் புரியும்.

1. சுழற்றுதல்: கயிற்றின் நீளம் மாறாமல் முளையைச் சுற்றி வருவது. ஆங்கிலத்தில் இதனை ஆர்பிட் என்பார்கள்.

2. ஜூம்: கயிற்றைச் சுருக்குவது அல்லது நீட்டுவது. அருகே வருவோம் அல்லது விலகிப் போவோம். முளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

3. நகர்த்துதல்: முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பது. கேமராவும் அதே அளவு நகரும். இதற்குப் பேன் என்று பெயர்.

எனக்கு அன்று நேர்ந்தது என்ன? மாடலைத் திறக்கும்போது முளை வழக்கமாக மாடலின் நடுவில் இருக்கும். எங்கள் வீட்டுக்கு நடு என்பது ஹால். மாடிப்படியோ பின்பக்க மூலையில். நான் வீலை உருட்டியபோது கயிறு சுருங்கியது, ஆனால் ஹாலை நோக்கியே சுருங்கியது. அத்துடன் பல வியூவர்களில் வீலின் ஒவ்வொரு உருட்டலும் மீதமுள்ள தூரத்தில் ஒரு பங்கை மட்டுமே குறைக்கும். 10 மீட்டர் தூரத்தில் ஒரு உருட்டலுக்கு 5 சதவீதம் குறைகிறது என்று வைத்துக் கொண்டால், முதலில் 50 சென்டிமீட்டர் அருகே போவோம். முளைக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும்போது அதே உருட்டல் 5 சென்டிமீட்டர்தான் நகர்த்தும். எவ்வளவு உருட்டினாலும் முளையைத் தாண்ட முடியாது. வீல் நின்றுவிட்டது என நான் நினைத்தது இதனால்தான். நான் செய்திருக்க வேண்டியது, முளையைப் பிடுங்கி மாடிப்படியில் அடிப்பது.

கைகளால் இயக்கும் முறை

தளத்துக்குத் தளம் சிறு மாற்றங்கள் இருக்கலாம். ஆனால் இணையத்தில் 3டி பக்கங்களை உருவாக்குவோர் பரவலாகப் பயன்படுத்தும் திரீ.ஜெஎஸ் என்ற புரோகிராம் தொகுப்பில் வழக்கமாக அமைவது இதுதான்.

மவுஸ்: இடது பட்டனை அழுத்தியபடி இழுத்தால் சுழலும். வீலை உருட்டினால் ஜூம். வலது பட்டனை அழுத்தியபடி இழுத்தால் முளை நகரும்.

லேப்டாப் டச்பேட்: வலது பட்டனை அழுத்தியபடி இழுப்பது சிரமம். ஷிப்ட் அல்லது கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு, சாதாரணமாக இழுத்திடவும். முளை நகரும்.

மொபைல், டேப்ளட்: ஒரு விரலால் இழுத்தால் சுழலும். இரண்டு விரல்களை விரித்தால் அருகே வரும், சேர்த்தால் விலகும். இரண்டு விரல்களையும் ஒன்றாக ஒரே திசையில் இழுத்தால் முளை நகரும். அப்பாவுக்கு வீடு ஓடிப்போனது இதனால்தான். போனைப் பிடித்திருந்த கையின் கட்டை விரலும் திரையில் பட்டிருந்தது. ஒரு விரல் என அவர் நினைத்ததை, போன் இரண்டு விரலாக எடுத்துக் கொண்டது.

திரையில் உள்ள பட்டன்கள்

மேலே சொன்ன எதையும் நினைவில் வைத்துக் கொள்ள முடியாதவர்களுக்காகவே பல வியூவர்களில் பட்டன்கள் தரப்படுகின்றன. கீழே அல்லது ஓரத்தில் சிறு ஐகான்களாக இவை இருக்கும். எல்லாம் எல்லா இடத்திலும் இருக்காது. இருப்பதைத் தெரிந்து வைத்துக் கொண்டால் போதும்.

வீடு: இதனைக் கிளிக் செய்தால் மாடல் முதலில் திறந்தபோது இருந்த நிலைக்கே திரும்பிவிடும். எதைக் கெடுத்தாலும் மீட்டுத் தரும் பட்டன் இது. முதலில் இது எங்கே இருக்கிறது எனத் தேடி வைத்துக் கொள்ளுங்கள்.

வளைந்த அம்புக்குறி: சுழற்றுவதற்கு. 

கை: முளையை நகர்த்துவதற்கு. இதனைக் கிளிக் செய்துவிட்டால், சாதாரணமாக இழுப்பதே நகர்த்தும் வேலையைச் செய்யும். ஷிப்ட், வலது பட்டன் எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் மீண்டும் வளைந்த அம்புக்குறியைக் கிளிக் செய்ய மறக்க வேண்டாம்.

பூதக்கண்ணாடி: ஜூம். இதிலேயே நான்கு பக்கமும் அம்புகள் இருந்தால், மாடல் முழுவதும் திரையில் அடங்குமாறு அமைக்கும் பட்டன் அது.

கனசதுரம்: ஒரு மூலையில் சிறு பெட்டி போல நிற்கும். அதன் மேல்பக்கத்தைக் கிளிக் செய்தால் மாடலை நேர் மேலிருந்து பார்க்கலாம். முன்பக்கம், பக்கவாட்டு எனவும் அப்படியே.

நடக்கும் மனிதர் அல்லது காலடித் தடம்: இதில் முளையும் கயிறும் கிடையாது. நீங்களே தரையில் இறங்கி நடப்பீர்கள். அம்பு கீகளை அழுத்தினால் முன்னேயும் பின்னேயும் போகலாம்.

குறுக்கு வெட்டு: கேக்கை வெட்டுவது போல மாடலை வெட்டி உள்ளே காட்டும். கூரையை எடுத்துவிட்டு அறைகளைப் பார்க்க உதவும்.

ஸ்கேல்: இரண்டு புள்ளிகளைக் கிளிக் செய்தால் இடையே உள்ள தூரம் தெரியும். இந்த ஒரு பட்டனை அன்று நான் பயன்படுத்தியிருந்தால் தையலுக்கு வேலை இருந்திருக்காது.

பட்டன்களைத் தவிர, பல வியூவர்களில் மாடலின் ஓர் இடத்தில் இரட்டை கிளிக் செய்தால் முளை நேராக அந்த இடத்துக்கே போய்விடும். எனக்குத் தெரிந்து நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது இதுதான். 

அடிக்கடி வரும் சிக்கல்கள்

மாடல் காணாமல் போய்விட்டது: முளை வெகு தூரம் நகர்ந்திருக்கும். வீடு பட்டனைக் கிளிக் செய்திடவும். அந்தப் பட்டன் இல்லை என்றால் பக்கத்தை ரெப்ரெஷ் செய்தால் போதும். பார்ப்பதற்கு மட்டுமான லிங்க் என்றால் நீங்கள் எதைத் திருப்பினாலும் இன்ஜினியரின் பைலுக்கு ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டாம்.

மாடல் தலைகீழாகிவிட்டது: சில வியூவர்களில் கேமரா உச்சிக்கு வந்ததும் நின்றுவிடும், தரை எப்போதும் கீழேயே இருக்கும். சிலவற்றில் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிடும். அப்போது வீடு கவிழ்ந்தது போலத் தெரியும். எதிர்த் திசையில் இழுத்தால் சரியாகும்.

அருகே போனால் சுவர் பாதி வெட்டப்படுகிறது: கேமராவுக்கு மிக அருகில் உள்ள பகுதிகள் வரையப்படுவதில்லை. இது கோளாறு அல்ல. சிறிது பின்னால் வந்தால் சுவர் திரும்பக் கிடைக்கும்.

ஒரு பக்கத்திலிருந்து சுவர் தெரிகிறது, மறுபக்கத்திலிருந்து மாயமாகிறது: 3டி மாடலின் சுவர் பல நேரங்களில் கனமே இல்லாத ஒரு தாள். வேலையைக் குறைப்பதற்காக அதன் ஒரு பக்கம் மட்டுமே வரையப்படலாம். எனவே ஓர் இடம் காலியாகத் தெரிந்தால், அங்கே ஒன்றும் இல்லை என முடிவு செய்யாமல் மறுபக்கம் சென்றும் பார்த்திடவும்.

மாடல் விட்டு விட்டு நகர்கிறது: கிராபிக்ஸ் சிப் பயன்படுத்தப்படாமல் இருக்கலாம். குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம் பிரிவில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் தொடர்பான வரி ஆன் செய்யப்பட்டுள்ளதா எனப் பார்த்திடவும். இல்லை எனில் ஆன் செய்து, பிரவுசரை மூடித் திறந்திடவும். திறந்திருக்கும் மற்ற டேப்களை மூடுவதும் உதவும்.

உங்கள் வீட்டு மாடல் வந்தால்

வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பது அழகைக் காட்டும். குடியிருக்கப் போவது உள்ளேதான். எனவே இந்த வரிசையில் பார்க்கலாம்.

1. முதலில் வீடு பட்டனைக் கண்டுபிடித்திடவும்.

2. கனசதுரத்தில் மேல்பக்கத்தைக் கிளிக் செய்து, குறுக்கு வெட்டில் கூரையை நீக்கிடவும். அறைகளின் அமைப்பு வரைபடம் போலத் தெரியும்.

3. ஒவ்வோர் அறையின் நடுவிலும் இரட்டை கிளிக் செய்து, முளையை அங்கே கொண்டு சென்றிடவும். பிறகு ஜூம் செய்து, ஒரு முழுச் சுற்று சுற்றிடவும். அடுத்த அறைக்குப் போகும்போது முளையையும் கொண்டு போக வேண்டும்.

4. மாடிப்படியில் முதல் படி, நடுப் படி, கடைசிப் படி என மூன்று இடங்களில் முளையை அடித்து, நிமிர்ந்து மேலே பார்த்திடவும். தலைக்கு மேல் எது வந்தாலும் ஸ்கேலை எடுத்து அளந்திடவும்.

5. கண்ணால் பார்த்து உயரத்தை முடிவு செய்ய வேண்டாம். திரையில் அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும். அறை விசாலமாகத் தோன்றுமாறு கேமராவின் பார்வைக் கோணத்தை அகலமாக வைத்திருக்கவும் கூடும். எண்ணை மட்டும் நம்பவும்.

6. நடக்கும் வசதி இருந்தால், வாசலிலிருந்து சமையலறை வரை ஒரு முறை நடந்திடவும். கண் உயரம் எவ்வளவு எனக் கவனிக்கவும். ஸ்கெட்ச்அப் புரோகிராமில் கேமராவைத் தரையில் நிறுத்தினால், வழக்கமாக 5 அடி 6 அங்குல உயரத்தில் நிற்கும். கண் அந்த உயரத்தில் இருந்தால் தலை இன்னும் மேலே இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

7. ஸ்கேல் பட்டன் இல்லை என்றால், சந்தேகமான இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்ஜினியருக்கு அனுப்பி, "இங்கே உயரம் எவ்வளவு?" என்று கேட்டிடவும். காங்கிரீட் போடும் முன் கேட்டால் பதில் ஒரு எண். போட்ட பின் கேட்டால் பதில், இடிக்கும் செலவு.

பழகிப் பார்க்க ஓர் இடம்

சொந்த வீட்டில் பழகுவதற்கு முன், வேறு ஒன்றில் பழகலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் அருங்காட்சியகங்களில் உள்ள பல பொருட்களை 3டி மாடல்களாக இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. தேடலில் "ஸ்மித்சோனியன் 3டி அப்போலோ 11" என ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். 1969ல் மூன்று விண்வெளி வீரர்களை நிலவுப் பயணத்துக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டு வந்த கொலம்பியா கலத்தின் மாடல் கிடைக்கும். அதன் உட்புறத்துக்கும் மாடல் உள்ளது.

இந்தக் கலத்தை ஸ்கேன் செய்யும் வேலையின்போதுதான், 2016ல், உள்சுவரில் வீரர்கள் கையால் எழுதி வைத்த எண்களும் குறிப்புகளும் இருப்பது தெரிய வந்தது. நாட்களை அடித்துக் கணக்கு வைத்த ஒரு சிறு காலண்டரும் அதில் உண்டு. பல ஆண்டுகள் கோடிக்கணக்கானோர் வெளியிலிருந்து பார்த்துச் சென்ற கலம் அது. உள்ளே கேமராவைக் கொண்டு சென்றபோதுதான் எழுத்துகள் கண்ணில் பட்டன. என் கதையும் இதுதான் என்பதால், பழகுவதற்கு இதையே பரிந்துரைக்கிறேன். சுழற்றி, முளையை நகர்த்தி, உள்சுவரை நெருங்கிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

எங்கள் வீட்டில் அந்த பீமை எடுக்க முடியவில்லை. மேல் தளத்தின் பாரம் அதன் மேல் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் ரப்பர் பட்டை ஒட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறோம். அப்பா இப்போது அந்தப் படிக்கு வந்ததும் தானாகவே குனிகிறார்.

திருச்சியில் அக்கா வீடு கட்டுகிறார். சென்ற மாதம் அந்த மாடலின் லிங்க் வந்தபோது நான் அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து, முளைக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். மாடு வளர்த்தவர் என்பதால் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. டேப்ளட்டை மேஜை மேல் வைத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் அறையாகத் தட்டிக் கொண்டே போனார். அரை மணி நேரம் கழித்து என்னை அழைத்தார். "இந்த பாத்ரூம் கதவைத் திறந்தா வாஷ்பேசின்ல இடிக்கும் போலிருக்கே, அளந்து பாரு." அளந்தேன். இரண்டு அங்குலம் இடித்தது. 

அக்கா வீட்டுக் கதவு இப்போது வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றப்பட்டுள்ளது. செங்கல் எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு வரும் லிங்க்கையும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மூடிவிடாமல், முளையை உள்ளே கொண்டு சென்று பாருங்கள்.